காணோம் என்று சொன்னவர்கள்

1

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. நாட்டிங்ஹாமுக்கு வந்த புதிதில் குளிருக்குப் பயந்து ஒதுங்கிய இடம் அது, பிறகு பழகிவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் என் வேலை முடிந்து திரும்பும்போது அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கூட்டம் நடந்தது. அவரவர் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பார்த்து எண்ணி அனுப்பவேண்டும், ஆராய்ச்சிக்காரர்கள் அதையெல்லாம் சேர்த்து வரைபடம் போடுவார்கள் என்று பீட்டர் என்ற இளைஞன் விளக்கிக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் உமாவும் துணைக்கு வந்திருந்தாள்.

பேச்சின் நடுவே பீட்டர் சொன்னான்: "ஒரு பறவைகூட வராவிட்டாலும் அதையும் எழுதி அனுப்புங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "வராத பறவையை எப்படி எண்ணுவது?" என்று கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாக மேலே போயிற்று. "பீட்டர் சொல்வது சரி. நாங்கள் இதைச் செய்திருக்கிறோம்," என்றேன்.

"எங்கே?" என்றான் பீட்டர்.

"திருவனந்தபுரத்தில். தென்னிந்தியாவில்."

"பிரிட்டிஷ்காரர்கள் நடத்தினார்களா?"

"இல்லை. அவர்கள் போன பிறகு."

உமா என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஆனால் பீட்டர் நல்ல பையன். அடுத்த மாதக் கூட்டத்தில் வந்து அதைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால் உமா ஆங்கிலத்தில், "அம்மா, அவர்கள் மரியாதைக்காகக் கேட்பார்கள். நீ அதை நிஜமென்று எடுத்துக்கொள்வாய்," என்றாள்.

நிஜமென்றுதான் எடுத்துக்கொண்டேன். அங்கே பேசியதையும் பேச நேரமில்லாமல் விட்டதையும் ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

2

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. அப்பா ஹரிஹரன் செக்ரடேரியட்டில் கணக்குப் பிரிவில் இருந்தார். விலங்கியலில் பட்டம் வாங்கிய எனக்கு ஒரு கல்லூரியில், மாணவர்களுக்கு ஆய்வகத்தில் செய்முறை காட்டும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. துறைத் தலைவர் குரியன் சார். நெட்டையான மனிதர், கோபம் வந்தால் பேச்சு குறைந்துபோகும்.

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுண்டு. மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக, தண்ணீர் ஓரத்துப் பாறையில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் ஒரு சின்னக் குருவி. நாம் வாலாட்டி என்போம், அங்கே வாலுகுலுக்கி. மழைக்காலம் முடிந்ததும் இமயமலைப் பக்கத்திலிருந்து வந்து, வெயில் ஏறும்போது போய்விடும். அது முதலில் பொன்முடி மலை ஓடைகளுக்கு வந்து பிறகு கீழே இறங்குகிறதா, அல்லது எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் வருகிறதா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரே நாளில் பல ஊர்களில் கண் வேண்டும். குரியன் சாருக்கு இருந்ததோ இரண்டு கண்.

"ஜனங்ஙளோடு சோதிக்காம், லலிதே," என்றார். மக்களிடமே கேட்போம் என்று.

கேட்டோம். கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருந்தவர், மலைமேல் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், நெடுமங்காட்டுப் பள்ளி ஆசிரியர், கரமனை ஆற்றில் தினமும் குளிக்கப் போகும் வக்கீல், ஸ்ரீவராகம் குளத்துப் படியில் துணி துவைக்கும் எங்கள் தெரு மாமி, நாகர்கோவில் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பறவையைப் பார்த்தால் ஒரு தபால் கார்டு போடவேண்டும் என்பது சாரின் ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குச் சில வாரங்களில் தெரிந்தது. கார்டு வராத வாரத்தில் குருவி வரவில்லையா, அல்லது பார்க்கிறவர் கல்யாணத்துக்குப் போய்விட்டாரா? இரண்டும் எங்களுக்கு ஒரே மாதிரி வெறும் கட்டமாகத்தான் தெரிந்தன. "சார், பார்க்காவிட்டாலும் பார்க்கவில்லை என்று வாராவாரம் எழுதச் சொல்ல வேண்டும்," என்றேன். சார் வெறும் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஆரு எழுதும்?" என்றார். யார் எழுதுவார்கள்?

நியாயமான சந்தேகம்தான். கண்டதைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை. காணாததைச் சொல்ல வெட்கம். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாயாக்கடைக்காரர், "ஒண்ணும் இல்லெங்கில் எந்தெழுதான்?" என்று சிரித்தார். ஒன்றுமே இல்லையென்றால் எதை எழுதுவது என்று. வீட்டிலும் அதே கேலி.

"ஏண்டி, குருவி வந்தா எழுதறது சரி. வராத குருவிக்கும் ஒரு கார்டா? கேக்கறவா சிரிப்பா, கேட்டோ!" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும்மா. சிரிச்சுண்டே எழுதினாப் போறும்."

எழுதினார்கள். அதைத்தான் நான் இன்றுவரை பெருமையாக நினைக்கிறேன். முதலில் முணுமுணுத்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். 'கண்டில்ல', 'இல்லை', 'இந்த வாரமும் இல்லை, மழை பலம்' என்று துறைக்குக் கார்டுகள் குவிந்தன. குமாஸ்தா மாதவன் நாயர் தலையில் அடித்துக்கொண்டே பதிந்தார்.

3

வித்துராவில் மட்டும் கார்டு கிடையாது. அங்கே பார்ப்பவர் பார்வதி அக்கா. ஆரல்வாய்மொழியில் பிறந்து வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவர். கடைக்குப் பின்னால் ஓடை. நான் முதல்முறை போனபோது குருவியின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஓணத்துக்குப் பொறவு வரும். கறுப்பும் வெள்ளையுமா இன்னொண்ணு வருசம் பூரா அந்தப் பாறையிலதான் கெடக்கும். ஒங்களுக்கு எது வேணும்?"

"மஞ்ச வயிறு உள்ளதுதான், அக்கா."

"சரி. பாத்துச் சொல்லுதேன். ஆனா கார்டெல்லாம் எனக்கு வேண்டாம். பஸ்ஸு நம்ம வாசல்லதான நிக்கி. கண்டக்டர்ட்ட சொல்லி விடுதேன்."

கண்டக்டர் ராகவன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வண்டி வாசலில் நிற்கும்போது பார்வதி அக்கா கடையிலிருந்து குரல் கொடுப்பார். ராகவன் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியதும் பஸ் நிலையத்துச் சாயாக்கடையில் மாதவன் நாயரிடம் சொல்லிவிடுவார். மாதவன் நாயர் வந்து பதிவார். இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது என்று எல்லோருமே நினைத்தோம்.

4

நடுவே இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டாக்டர் சுந்தரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இங்கே வந்தபோது என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் திருவிதாங்கூர் என்றிருந்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்படி ஒரு நாடு பட்டியலில் இல்லையே," என்பார்கள். "இருந்தது. இப்போது இல்லை. ஆனால் நான் அங்கேதான் பிறந்தேன்," என்று பல வருடங்கள் பல கவுண்டர்களில் சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஓர் அம்மாள் இந்தியா என்று எழுதி முத்திரை வைத்தாள். பெயரிலும் இதே கதை. இனிஷியலை முன்னால் போட்டுப் பின்னால் பெயரை எழுதும் வழக்கத்தை விளக்கி விளக்கி அலுத்து, மிஸஸ் சுந்தரம் என்று நின்றுவிட்டேன். லலிதா என்று கூப்பிட இங்கே கணவர் ஒருவர்தான்.

உமாவுக்குத் தமிழ் புரியும்; பேசமாட்டாள். சின்ன வயதில், "குருவி வந்துது" என்று சொல்வதற்குப் பதில், "குருவி வந்தாள்" என்பாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

5

பதிவுகள் இரண்டு வருடம் சேர்ந்ததும் குரியன் சார் பம்பாயிலிருந்து டாக்டர் மேத்தாவை வரவழைத்தார். பறவைகளில் பெரிய பெயர். அவர் சரி என்று சொன்னால் கட்டுரை அச்சேறும். மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் வந்து, தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பி, மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வித்துரா. இங்கே ஜூன் மாதம் உண்டு, ஜூலை உண்டு, ஆகஸ்ட் உண்டு. இந்தப் பறவை அந்த மாதங்களில் இந்தியாவின் தெற்கு முனையில் இருக்க வழியே இல்லை."

"கறுப்பு வெள்ளைக் குருவியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்," என்றார் குரியன் சார்.

"அல்லது நீங்கள் கேட்டு சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்லியிருப்பார். பொதுமக்களிடம் கேட்டால் இதுதான் கஷ்டம். கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள். ஒருவர் இப்படி என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது?"

குரியன் சாருக்கு முகம் சிறுத்துவிட்டது. அவர் மெதுவாக, "கல்லூரி ஆட்கள் பார்த்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றதை எடுத்துவிடுவோம்," என்றார்.

மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்றவர்கள் எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. "சார், பார்வதி அக்காவுக்கு இரண்டு குருவிக்கும் வித்தியாசம் தெரியும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நேரில் கேட்காமல் எடுக்கக் கூடாது," என்றேன். ஒரு தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் பம்பாய்க்காரர் முன்னால் அப்படிப் பேசுவது வழக்கமில்லை. டாக்டர் மேத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் திங்கட்கிழமை பொன்முடிக்குப் போகிறேன். வித்துரா வழிதானே? நீங்களும் வாருங்கள்," என்றார்.

குரியன் சாரும் வருகிறார் என்று சொன்ன பிறகே அம்மா என்னை விட்டாள்.

வித்துராவில் வண்டி நின்றபோது மழை விட்டிருந்தது. நாங்கள் எழுந்து இறங்குவதற்குள் கடைக்குள்ளிருந்து பார்வதி அக்காவின் குரல் கேட்டது. எங்களை அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போல, ராகவனை நோக்கித்தான் சொன்னார்.

"காணோம்!"

"சரி அம்மே!" என்றார் ராகவன்.

டாக்டர் மேத்தா படியில் நின்றபடி கேட்டார்: "அந்த அம்மாள் என்ன சொன்னார்?"

குரியன் சார் ராகவனிடம் மலையாளத்தில் கேட்டார். "காணாம் என்னா பறஞ்ஞது, சாரே," என்றார் ராகவன். சார் அதை ஆங்கிலத்தில் பம்பாய்க்காரருக்குச் சொன்னார்: "பார்க்க முடிகிறது என்கிறார்."

"இல்லை," என்றேன் நான். "பார்க்க முடியவில்லை என்கிறார்!"

டாக்டர் மேத்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வார்த்தைதானே சொன்னார்?"

ஒரு வார்த்தைதான். தமிழில் காணோம் என்றால் இல்லை. மலையாளத்தில் காணாம் என்றால் தெரிகிறது, பார்க்கலாம். பஸ்ஸின் இரைச்சலில் ஓகாரம் எங்கே, ஆகாரம் எங்கே? பறவை இருந்த மாதங்களில் அக்கா 'பாத்தேன்' என்று சொன்னார், பதிவில் உண்டு என்று ஏறியது. பறவை இல்லாத மாதங்களில் 'காணோம்' என்று சொன்னார், அதுவும் உண்டு என்றே ஏறியது.

விஷயம் புரிந்ததும் ராகவன் கையில் இருந்த டிக்கெட் கட்டோடு தலையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ! ரண்டு கொல்லமாயி ஞான் மறிச்சாணோ பறஞ்ஞது?" இரண்டு வருடமாக நான் தலைகீழாகவா சொல்லிக்கொண்டிருந்தேன்!

சத்தம் கேட்டு வெளியே வந்த பார்வதி அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்பாய்க்காரர் சந்தேகப்பட்டதையும் மறைக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் பொய்யா சொல்லுவேன்? எனக்கு அந்தக் குருவியால என்ன வரப்போவு? சந்தேகம் வந்தா வந்து கேக்கணும் டீச்சர். அங்கன இருந்துக்கிட்டே அடிச்சுத் தள்ளக் கூடாது."

"தப்பு எங்களோடதுதான், அக்கா."

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல டாக்டர் மேத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்குப் பின்னால் பாறைமேல் கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "இதுவா?" என்றார். "அது நம்ம ஊர்க்காரன். அவனைப் பத்தி ஆரும் என்கிட்ட கேக்கல்ல," என்றார் அக்கா. டாக்டர் மேத்தா வாய்விட்டுச் சிரித்தார்.

"வராத பறவையைப் பற்றி வாராவாரம் ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"இந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. காணலேன்னாலும் சொல்லணும், அப்பதான் வந்த நாளு எதுன்னு நிச்சயமாத் தெரியும்னு. சரின்னு பட்டுது. சொன்னேன்."

டாக்டர் மேத்தா குரியன் சார் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நாம் கேட்க விரும்பாததை மாதக்கணக்கில் சலிக்காமல் சொன்ன ஒருவர், செப்டம்பரில் வந்துவிட்டது என்று சொன்னால் நான் நம்புவேன். உங்கள் மற்ற ஆட்களும் இப்படி 'இல்லை' எழுதியிருக்கிறார்களா?"

"கட்டுக்கட்டாக," என்றார் குரியன் சார். அவர் குரல் மாறியிருந்தது.

ஆனால் ஒரு கசப்பான காரியம் மிச்சம் இருந்தது. எந்த வாரம் 'பாத்தேன்', எந்த வாரம் 'காணோம்' என்று இனிமேல் பிரிக்க வழியில்லை. ராகவனுக்கு நினைவில்லை. நமக்குத் தோன்றியபடி மாற்றி எழுதினால் அது பொய். வித்துராவின் இரண்டு வருடத்தையும் அடித்துவிட வேண்டும் என்று டாக்டர் மேத்தா சொன்னார். அது சரி என்று எனக்கும் தெரிந்தது. அக்காவிடம் அதைத் தமிழில் நான்தான் சொன்னேன்.

பார்வதி அக்கா கேட்டுவிட்டு ஓடையைப் பார்த்து நின்றார். "அவ்வளவும் போச்சா?"

"ஆமாம், அக்கா."

என் பக்கம் திரும்பி, "கார்டு இருந்தாக் குடுங்க. இன்னைக்கு மொதல் நானே எழுதுதேன்," என்றார்.

6

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. மலை ஓடைகளுக்குத்தான் குருவி முதலில் வருகிறது, கரமனை ஆற்றுக்கும் நகரத்துக் குளங்களுக்கும் பிறகே இறங்குகிறது என்பது எங்கள் முடிவு. 'இல்லை' கார்டுகள் இல்லாமல் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. பார்த்தவர்கள் எல்லோருடைய பெயரும் ஊரும் கடைசிப் பக்கத்தில் இருந்தன. டாக்டர் மேத்தா வற்புறுத்திச் சேர்த்தது. எங்கள் தெரு மாமி அந்தப் பக்கத்தைப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

அதற்குள் ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிக்கும் நாள் வந்தது. நாகர்கோவில் சென்னை ராஜ்யத்தோடு போயிற்று. "இனி அந்தப் பக்கத்துக் கார்டு நமக்கெதற்கு? அது வேற ஸ்டேட்," என்று அலுவலகத்தில் கோப்பு எழுதினார்கள். குரியன் சார் கோபத்தில் மௌனமாகி, பிறகு கோப்பின் தலைப்பை 'தெற்கு மலைத்தொடரின் ஓடைகள்' என்று மாற்றி அனுப்பினார். தலைப்பில் எந்த ராஜ்யமும் இல்லாததால் யாராலும் மறுக்க முடியவில்லை. பாதிரியாரின் கார்டுகள் வந்துகொண்டிருந்தன. நான் கல்யாணமாகிக் கப்பல் ஏறினேன். குரியன் சார் ஓய்வு பெற்றார். ஏற்பாடு அதோடு நின்றிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

7

நூலகத்தில் பேசினேன். காணோம், காணாம் கதைக்கு ஆங்கிலத்தில் சிரிப்பு வருமா என்று பயந்தேன், வந்தது. வராத பறவையை எப்படி எண்ணுவது என்று கேட்ட பெரியவர்தான் அதிகம் சிரித்தார். பீட்டர் அதைத் தங்கள் சங்கத்துச் செய்தித்தாளில் எழுதினான். திருவனந்தபுரத்தில் பிறந்த லலிதா சுந்தரம் என்று என் முழுப்பெயரைப் போட்டிருந்தான்.

பத்துப் பதினைந்து நாளில் வாசல் மணி அடித்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மலையாளிப் பெண். பெயர் ஷீலா. உமா வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அம்மே, ஸ்ரீவராகத்தே லலிதா டீச்சர் நிங்ஙளாணோ?"

ஆமாம் என்றேன்.

அவள் சொன்னதை உமாவுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சி, அந்த வாலாட்டி வரும் காலம் அன்றைக்கும் இன்றைக்கும் மாறியிருக்கிறதா என்பது. திருவனந்தபுரத்துத் துறையில் பழைய பதிவுகள் கிடைத்தன. எல்லா ஊர்ப் பதிவுகளும் ஏதோ ஒரு வருடத்தோடு நின்றுபோயிருந்தன. வித்துரா மட்டும் நிற்கவில்லை. ஏற்பாடு முடிந்தது என்று யாரும் போய்ச் சொல்லாததால், பார்வதி அக்கா துறைக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். வாராவாரம். வந்தது, இருக்கிறது, போய்விட்டது, இல்லை, இல்லை, இல்லை. மாதவன் நாயருக்குப் பின்னால் வந்த குமாஸ்தாக்களும் வழக்கம் என்று நினைத்துப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அறுபடாத பதிவு இந்தப் பறவைக்கு வேறெங்கும் தனக்குக் கிடைக்கவில்லை என்றாள் ஷீலா.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா இருக்காரா?"

"உண்டு. இப்போழும் எழுதுந்நுண்டு." இருக்கிறார், இப்போதும் எழுதுகிறார் என்று ஷீலா சிரித்தாள். "என் கட்டுரையில் அவர் பெயரை என் பெயரோடு சேர்த்துப் போடவேண்டும் என்று போய்க் கேட்டேன். பழைய கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டு, இதில் எங்கள் பெயரெல்லாம் இருக்கிறது, எங்களிடம் வந்து கேட்ட பெண்ணின் பெயர் இல்லை, அதைப் போட்டால் என் பெயரையும் போடு என்றார். ஸ்ரீவராகத்து லலிதா டீச்சர் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடமாகத் தேடி, கடைசியில் சங்கத்துச் செய்தித்தாளில் உங்கள் பெயரைப் பார்த்தேன்."

உமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஷீலா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "இனிஷியல் எந்தாணு, டீச்சர்? கல்யாணத்துக்கு முந்தியதா, பிந்தியதா?"

"முந்தினதைப் போடு," என்றேன். "எச். லலிதா."

உமா நிமிர்ந்து பார்த்தாள். "ஹூ இஸ் எச். லலிதா?"

"நான்தான்," என்றேன்.